கரையில் கூட்டு, கழனியில் போட்டி

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் நம் ஊர்ப்புறத்திற்கு வெகு தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். கணிப்பொறிக்கும் செல்பேசிக்கும் உயிர்நிலையாக விளங்குபவை சிலிக்கன் சில்லுகள். அவற்றைச் செய்யும் ஆலைகளுக்கு அமிலங்களையும் வாயுக்களையும் கொடுத்துதவும் நிறுவனங்கள் பல உள்ளன. அந்நிறுவனங்கள் தமக்குள் போட்டியாளர்களாக இருந்துகொண்டே எவ்வாறு கூடித் தொழில் புரிகின்றன என்பதே இன்றைய பொருள். கீழ்பென்னாத்தூரில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இரண்டு உண்டு. எங்கள் வட்டாரத்து ஏரிப் பாசனத்தை அறிந்தவனுக்கு இத்தொழிலின் உட்பொருள் எளிதில் விளங்கிவிடும் என்பது ஒன்று. இத்தொழிலுக்கு வேண்டிய பொருள்களைச் செய்யும் கலை நம் தமிழ்நாட்டிலேயே, கடலூரிலும் மேட்டூரிலும், முன்பே வேர்விட்டிருக்கிறது என்பது மற்றொன்று.

சில்லு மணலிலிருந்து பிறக்கிறது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அது பாதி உண்மையே ஆகும். குவார்ட்ஸ் என்னும் கல்லிலிருந்து சிலிக்கனைப் பிரித்துத் தூய்மைசெய்து, பெரும் படிகமாக வளர்த்து, மெல்லிய வட்டத் தகடுகளாக அறுக்கிறார்கள். இன்றைய பெரிய ஆலைகளில் அத்தகட்டின் குறுக்களவு 300 மில்லிமீட்டர்; ஏறத்தாழ நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டின் அளவு. அத்தகடு சில்லாக மாறுவதற்கு முன் பல நூறு படிகளைக் கடக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் காலம் செல்லும். ஒவ்வொரு படியிலும் ஏதேனும் ஒரு திரவமோ வாயுவோ அத்தகட்டைத் தொடுகின்றது. கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அதனைக் கழுவுகின்றன. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் வேண்டாத ஆக்சைடுப் படலத்தைக் கரைக்கின்றது. ஒளி பட்டால் தன்மை மாறும் ஒருவகைப் பூச்சு, கோடுகளை வரைய உதவுகின்றது. சிலேன் என்னும் வாயு புதிய படலத்தை வளர்க்கின்றது. பாஸ்ஃபீன், ஆர்சீன் போன்ற வாயுக்கள் சிலிக்கனுக்குள் பாஸ்பரஸ், ஆர்சனிக் அணுக்களைப் புகுத்தி, அதன் மின்கடத்தும் இயல்பை மாற்றுகின்றன. இவ்வளவுக்கும் இடையில் நைட்ரஜன் வாயு ஓயாது பாய்ந்து, ஈரமும் பிராணவாயுவும் அண்டாதபடி காவல் காக்கின்றது. ஆகவே, சில்லு என்பது மணலின் பிள்ளை மட்டுமன்று; அமிலமும் வாயுவும் வளர்த்த பிள்ளையும் ஆகும்.

இப்பொருள்களுக்கு எவ்வளவு தூய்மை வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். சில்லுக்குரிய சிலிக்கன் குறைந்தது 99.9999999 சதவீதம் தூயதாக இருத்தல் வேண்டும். தகட்டைக் கழுவும் அமிலங்களில் இரும்பு, சோடியம் முதலிய உலோகங்கள் நூறு கோடியில் ஒரு பங்கு இருப்பதையே பல ஆலைகள் பொறுப்பதில்லை. இலட்சம் கோடியில் சில பங்கு என்று கணக்கிடுகிறார்கள். இதனை நம் ஊர் அளவையில் சொல்லுகிறேன். ஒரு வேர்க்கடலைப் பருப்பின் எடை அரைக் கிராம் என்று கொள்வோம். நூறு கோடியில் ஒரு பங்கு என்றால், ஐந்நூறு டன் வேர்க்கடலையில் ஒரே ஒரு சொத்தைப் பருப்பு. லாரி ஒன்றுக்குப் பத்து டன் வீதம் ஐம்பது லாரிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றுள் அந்த ஒரு பருப்பைத் தேடவேண்டும். இலட்சம் கோடியில் ஒரு பங்கு என்றாலோ, லாரிகளின் எண்ணிக்கை ஐம்பதாயிரம் ஆகிவிடும்!

இது வெறும் கணக்கு விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். தைவான் நாட்டில் டி.எஸ்.எம்.சி. என்னும் உலகப் புகழ்பெற்ற சில்லு நிறுவனம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதன் ஆலை ஒன்றிற்கு வந்த ஒளிப்பூச்சில் ஒரு தொகுதி பழுதுற்றிருந்தது. அதில் கலந்திருந்த ஒரு கூறு முறைதவறிப் பக்குவப்படுத்தப்பட்டதால், வேண்டாத பொருள் ஒன்று அதனுள் உருவாகியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறையால் பல்லாயிரம் தகடுகளைத் தள்ளிவிட நேர்ந்தது. அக்காலாண்டில் ஏறத்தாழ 55 கோடி டாலர் வருவாய் குறையும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. குடம் பாலுக்குத் துளி விஷம் என்பார்களே, அதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, நம் பொருளின் மையத்துக்கு வருவோம். அமிலம் செய்பவரும் வாயு செய்பவரும் பலர். ஒரே ஆலையின் வாயிலில் நின்று, என் சரக்கு சிறந்தது, என் விலை குறைந்தது என்று போட்டியிடுபவர்கள் அவர்கள். அவர்கள் ஏன் ஒரு மேசையைச் சுற்றி அமரவேண்டும்?

எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பகுதியில் ஏரியும் கிணறுமே உழவனுக்குத் துணை. ஓர் ஏரியின் கீழ் நெல்லும் கடலையும் பயிரிடும் குடும்பங்கள் பல. சந்தைக்கு மூட்டை ஏற்றும்போது அவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்களே. ஆனால் மழைக்காலத்துக்கு முன் வரத்துக் கால்வாயைத் தூர்வாருவதிலும், கரையை உயர்த்துவதிலும், மதகைச் செப்பனிடுவதிலும் போட்டி இல்லை. அங்கே வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியுடன் வந்தாக வேண்டும். குடிமராமத்து என்று நம் முன்னோர் இதற்குப் பெயரிட்டனர். கரை உடைந்தால், நல்ல உழவனின் வயல், சோம்பேறியின் வயல் என்று வெள்ளம் பேதம் பார்ப்பதில்லை. கழனியில் போட்டி, கரையில் கூட்டு: இதுவே ஏரிப் பாசனத்தின் நீதி. சில்லுத் தொழிலின் நீதியும் இதுவே.

1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சில்லு ஆலைகளுக்கு எந்திரங்களும் மூலப்பொருள்களும் வழங்குவோர் சேர்ந்து 'செமி' என்னும் சங்கத்தை அமைத்தனர். இன்று அது உலகளாவிய சங்கமாக வளர்ந்துள்ளது. அதனுள் வேதிப்பொருள் மற்றும் வாயு உற்பத்தியாளர்களுக்கெனத் தனிக் குழு ஒன்று உண்டு. இத்தகைய கூட்டுமுயற்சிகள் கவனிக்கும் காரியங்களை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது அளவை. தன் அமிலத்தில் இரும்பு பத்துப் பங்கு என்கிறார் விற்பவர். முப்பது பங்கு என்கிறார் வாங்குபவர். யார் சொல்வது மெய்? இருவரும் ஒரே முறையில் அளந்தாலன்றி வழக்குத் தீராது. ஆதலால் ஒரே மாதிரியைப் பல ஆய்வுக்கூடங்களுக்கும் அனுப்பி, ஒவ்வொன்றும் கண்ட விடைகளை ஒப்பிட்டு, எம்முறை நம்பத்தக்கது என்று முடிவு செய்கிறார்கள். படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த காலத்தில் சந்தையில் எத்தனை சச்சரவுகள் எழுந்தன என்பதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

இரண்டாவது தரம். ஆலையில் செய்யப்படும்போது தூயதாக இருந்த அமிலம், பீப்பாயிலும் குழாயிலும் அடைப்பிதழிலும் மாசுபடக் கூடும். ஹைட்ரோஃபுளூரிக் அமிலமோ கண்ணாடியையே தின்றுவிடும்; அதனைத் தாங்கும் தனிவகைப் பிளாஸ்டிக்குக் கலங்களிலேயே வைக்கவேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மூடி, ஓர் இணைப்பு என்று வைத்துக்கொண்டால், ஒருவர் சரக்கு தடைபட்டபோது மற்றவர் சரக்கைப் பயன்படுத்த இயலாது. இணைப்பு மாறி, தவறான அமிலம் தவறான தொட்டிக்குள் பாயவும் கூடும். ஆகவே பொதுத் தரம் இன்றியமையாதது.

மூன்றாவது பாதுகாப்பு. சிலேன் வாயு காற்றுப் பட்டவுடன் தானே தீப்பற்றக் கூடியது. ஆர்சீன் மிகச் சிறிய அளவிலேயே உயிரைப் பறிக்கும் நஞ்சு. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் தோலை ஊடுருவி உடம்பின் சுண்ணாம்புச் சத்தைப் பறித்துக்கொள்ளும். நீரால் கழுவியபின் கால்சியம் குளுக்கோனேட் களிம்பைத் தடவ வேண்டும் என்பது அதற்குரிய முதலுதவி. 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் போபால் நகரில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டதை நம் நாடு மறக்க இயலாது. ஒரு நிறுவனத்தில் நேர்ந்த விபத்தின் காரணத்தை அந்நிறுவனம் மூடி மறைத்தால், அதே விபத்து அடுத்த நிறுவனத்தில் நேரும். ஒருவர் பட்டறிவைப் பலரும் பெறுமாறு செய்வதே உயிர் காக்கும் வழி. பாதுகாப்பில் இரகசியம் என்பது பாவம்.

நான்காவது சுற்றுப்புறம். சில்லு ஆலைகளில் பயன்படும் ஃபுளூரின் சேர்ந்த வாயுக்கள் சில, கரியமில வாயுவைப் போல் பல ஆயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வல்லமை உடையவை. 1999ஆம் ஆண்டில் உலகக் குறைகடத்திக் குழுமத்தைச் சேர்ந்த நாடுகளின் தொழில் சங்கங்கள் ஒன்றுகூடி, 2010ஆம் ஆண்டுக்குள் அவ்வாயுக்களின் வெளியேற்றத்தைப் பழைய அளவிலிருந்து 10 சதவீதம் குறைப்பதென்று தாமே முன்வந்து உறுதிபூண்டன. கெடு வந்தபோது குறைந்திருந்ததோ 32 சதவீதம்! எந்த ஒரு நிறுவனமும் தனித்து நின்று சாதித்திருக்கக் கூடிய காரியமா இது?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கூட்டு என்றால் எல்லாம் நற்கூட்டு ஆகிவிடாது. விற்பவர்கள் கூடி விலையைத் தீர்மானிப்பதும், இந்த வாடிக்கையாளர் உனக்கு, அவர் எனக்கு என்று பங்கிட்டுக்கொள்வதும் கொள்ளைக் கூட்டு ஆகும். நம் நாட்டின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் அதனைத் தடுக்கிறது. ஆதலால்தான் இத்தகைய சங்கங்களில், விலையைப் பற்றியும் தனி வாடிக்கையாளரைப் பற்றியும் பேசலாகாது என்ற விதி வைத்திருக்கிறார்கள். கரையைக் கட்டக் கூடியவர்கள், கரைமேல் அமர்ந்து நெல் விலையை முடிவு செய்யத் தொடங்கினால், ஊர் பட்டினி கிடக்கும்.

கூட்டின் அருமை, இடுக்கண் வந்தபோதுதான் புலனாகும். 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4ஆம் நாள், ஜப்பான் அரசு தென்கொரியாவுக்குச் செல்லும் மூன்று பொருள்களின் ஏற்றுமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. ஹைட்ரஜன் ஃபுளூரைடும் ஒளிப்பூச்சும் ஃபுளூரின் சேர்ந்த ஒருவகைப் பாலிஇமைடும் அம்மூன்று பொருள்கள். கொரிய நாட்டின் பெரும் சில்லு ஆலைகள் திகைத்து நின்றன. பின்பு அரசும் ஆலைகளும் உள்நாட்டு வேதிப்பொருள் நிறுவனங்களும் கைகோத்தன. சிறிய நிறுவனங்களின் சரக்கைத் தம் உற்பத்தி வரிசையில் சோதித்துப் பார்க்கப் பெரிய ஆலைகள் இடம் கொடுத்தன. சோல்பிரெயின் என்னும் கொரிய நிறுவனம் உயர்தூய்மை ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தைப் பெருமளவில் செய்யும் திறனைப் பெற்றது என்று 2020ஆம் ஆண்டு ஜனவரியிலேயே அந்நாட்டு அரசு அறிவித்தது. ஜப்பான் 2023ஆம் ஆண்டு மார்ச்சில் அக்கட்டுப்பாட்டை நீக்கியது. ஆயினும் கொரியர் கற்ற பாடம் நீங்கவில்லை.

மற்றொரு செய்தி நியான் வாயுவைப் பற்றியது. சில்லின்மேல் கோடுகளை வரையும் லேசர் ஒளிக்கு அது தேவை. நாம் மூச்சு விடும் காற்றின் பத்து இலட்சம் பங்கில் நியான் ஏறத்தாழ 18 பங்கு மட்டுமே. இரும்பாலைகளுக்குப் பிராணவாயு தரும் பெரிய காற்றுப் பிரிப்பு நிலையங்களிலிருந்தே அதனைத் திரட்ட இயலும். உலகின் சில்லுத்தர நியானில் சுமார் பாதியை உக்ரைன் நாட்டின் மரியுபோல், ஒடெஸா ஆகிய நகரங்களிலிருந்த இரண்டு நிறுவனங்கள் தூய்மைசெய்து வந்தன. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் போர் மூண்டது, இரண்டும் நின்றன. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், கொரியாவின் போஸ்கோ இரும்பு நிறுவனம், டி.இ.எம்.சி. என்னும் சிறப்புவாயு நிறுவனத்தோடு சேர்ந்து, தன் இரும்பாலையிலேயே நியான் எடுக்கத் தொடங்கியிருந்தது. இரும்பு செய்பவனும் வாயு செய்பவனும் சேர்ந்தால் அன்றோ இது கைகூடும்? தொலைநோக்கு உடைய கூட்டு, புயலுக்கு முன் கட்டிய கரை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் அருகே 1936ஆம் ஆண்டில் சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால் மேட்டூர்க் கெமிக்கல் நிறுவனம் தோன்றியது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவோடு குளோரினும் ஹைட்ரஜனும் கிடைக்கும் என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அந்தக் குளோரினும் ஹைட்ரஜனுமே தூய சிலிக்கன் செய்யும் தொழிலுக்கும் வேண்டியவை. 1980களில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர் ஏ. ஆர். வாசுதேவ மூர்த்தியின் ஆராய்ச்சித் துணையோடு, மெட்கெம் சிலிக்கன் என்னும் நிறுவனம் மேட்டூரில் தூய சிலிக்கனைச் செய்து காட்டியது. கல்லூரி ஆய்வுக்கூடமும் இரசாயன ஆலையும் கைகோத்ததன் கனி அது. ஆனால் அது சிறிய அளவினதாகவே இருந்தது; உலகப் பெருநிறுவனங்களின் பேரளவு உற்பத்திக்கு முன் நிலைத்து வளரவில்லை. பஞ்சாப் பக்கத்து மொகாலியில் 1980களில் உற்பத்தி தொடங்கிய அரசுச் சில்லு ஆலையும் 1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீக்கிரையாகி, மீண்டெழப் பல ஆண்டுகள் ஆயின. அறிவு நம்மிடம் இருந்தது, திறமை இருந்தது. வாங்குவோரும் விற்போரும் ஆராய்வோரும் சேர்ந்து நிற்கும் கரைதான் இல்லை. இஃது என் கருத்து.

கடலூர்ச் சிப்காட் வளாகத்தில், தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்தின் பங்கோடு அமைந்த டான்ஃபாக் நிறுவனம், 1980களிலிருந்து ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் செய்து வருகின்றது. கொரியாவை நடுங்கவைத்த அதே அமிலம்! அலுமினியத் தொழிலுக்கும் குளிர்பதன வாயுக்களுக்கும் வேண்டிய தரம் ஒன்று. சில்லுக்கு வேண்டிய தரம் வேறு. மூலக் கல்லோடு வரும் ஆர்சனிக்கை இலட்சம் கோடியில் சில பங்காகக் குறைப்பதில்தான் அவ்வேறுபாடு அடங்கியிருக்கிறது. அந்த இடைவெளியைக் கடக்க, வாங்கும் ஆலை வேண்டும். அளக்கும் ஆய்வுக்கூடம் வேண்டும். ஏற்றிச் செல்லும் கலம் வேண்டும். பொறுமையோடு சோதிக்கும் கூட்டாளி வேண்டும்.

வாங்கும் ஆலைகள் இப்பொழுது எழுகின்றன. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய அரசு 76,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. அதன்கீழ் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில், குஜராத்தின் தோலேராவில் டாடா நிறுவனமும் தைவானின் பி.எஸ்.எம்.சி. நிறுவனமும் இணைந்து, 91,000 கோடி ரூபாய் முதலீட்டில், மாதம் 50,000 தகடுகள் செய்யும் ஆலை அமைக்க இசைவு கிடைத்தது. 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஜெர்மனியின் மெர்க் நிறுவனமும், அவ்வாலைக்கு வேண்டிய வேதிப்பொருள்கள், வாயுக்கள் முதலியவற்றைக் குறித்து ஒத்துழைக்க உடன்பாடு செய்துகொண்டன. தமிழ்நாடு அரசும் 2025ஆம் ஆண்டில், 500 கோடி ரூபாயில் தமிழ்நாடு செமிகண்டக்டர் இயக்கம் 2030 என்னும் திட்டத்தை அறிவித்தது.

மாணவர்களே! இவற்றையெல்லாம் கேட்டு மகிழ்ந்தால் மட்டும் போதாது. கட்டடத்தை நாம் எழுப்பி, எந்திரத்தையும் அமிலத்தையும் வாயுவையும் பிற நாட்டிலிருந்தே தருவித்துக்கொண்டிருந்தால், வேறொருவர் மதகை அடைத்த அன்று நம் வயல் காய்ந்துவிடும். பத்தோ இருபதோ இந்திய நிறுவனங்கள் ஒன்றையொன்று ஐயுற்று, ஒவ்வொன்றும் அதே ஆய்வுக்கருவியை வாங்கி, அதே தவற்றைச் செய்து, அதே பாடத்தைத் தனித்தனியே கற்குமாயின், காலமும் பொருளும் வீணாகும். அளவையிலும் பாதுகாப்பிலும் தரத்திலும் கூடியிருந்து, திறமையில் போட்டியிடுமாயின், கடலூர் அமிலம் தோலேராவுக்குச் செல்லும் நாள் வரும்.

அந்நாளில் ஆய்வுக்கூடத்தில் நின்று, ஐம்பதாயிரம் லாரியில் ஒரு சொத்தைப் பருப்பைக் கண்டுபிடிக்கப் போகிறவர் யார்? திருவண்ணாமலையின் அரசுக் கல்லூரியில் வேதியியல் பயிலும் ஒரு பெண்ணாக இருக்கலாம். பாலிடெக்னிக்கில் பயின்று வாயுக் குழாய்களைக் கசிவின்றிப் பற்றவைக்கும் ஓர் இளைஞனாக இருக்கலாம். அதற்கு இன்றே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் தரம் பார்த்தல் சோதனையைச் செய்யும்போது, பியூரெட்டின் அளவு எதிர்பார்த்த விடைக்கு ஒத்துவரவில்லை என்று எண்ணைத் திருத்தி எழுதாதீர்கள். கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். பின்பு அடுத்த மேசை மாணவனின் அளவோடு ஒப்பிட்டு, வேறுபாடு எங்கே நேர்ந்தது என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். மதிப்பெண்ணில் அவன் உங்களுக்குப் போட்டியாளன். உண்மையைத் தேடுவதில் கூட்டாளி. இப்பழக்கம் கைவந்தவரிடத்தில், எத்துணைத் தூய்மை வேண்டும் தொழிலையும் நம்பி ஒப்படைக்கலாம்.